மூன்று பூட்டு

ஷெர்லினுக்குக் கனவு காண இரவு தேவையில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள அவளுடைய ஜெராக்ஸ் கடையில் மெஷினின் பச்சை வெளிச்சம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினால் போதும், கண்ணைத் திறந்தபடியே எங்கேயோ போய்விடுவாள். வாக்காளர் பட்டியல் கைக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெயர், தகப்பன் பெயர், கதவு எண், வயது. அந்த நாலு விவரத்தை வைத்தே ஓர் ஆளை எழுப்பி, சட்டை போட்டுவிட்டு, சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிடுவாள். வயது நாற்பத்தொன்று ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நேர்மையான தேர்தலுக்காக ஊரில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் குழுவில் அவளும் ஒருத்தி. குழுவுக்குத் தலை, ஹார்டுவேர் கடை யாக்கூப் அண்ணாச்சி. ஞாயிறுதோறும் பட்டியலோடு தெருத்தெருவாக நடப்பார்கள். கதவைத் தட்டிப் பெயரை வாசிப்பார்கள். ஆள் "இருக்கேன்" என்றால் ஒரு டிக். இறந்தவர்களுக்கும் இடம் மாறியவர்களுக்கும் பெயரை நீக்கச் சொல்லிப் படிவம் எழுதித் தாலுகா ஆபீசில் கொடுப்பார்கள். பூட்டிய வீட்டுக்கு ஒரு விதி இருந்தது. மூன்று வாரம் போயும் பூட்டு தொங்கினால் குடிபெயர்ந்தவர் என்று எழுதிவிடலாம். அந்த விதியைச் சொன்னதே ஷெர்லின்தான்.

நடக்க எந்த மாதம் தோது என்று பேச்சு வந்தபோது நாலு பேரும் ஒரே வாயாக ஆடி என்றார்கள். மலையிலிருந்து காற்று இறங்கும். சாரல் முகத்தில் பொடியாக விழும். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர்களை முணுமுணுத்தபடி நடப்பது ஷெர்லினுக்குச் சொர்க்கம். மகா அறிவாளிகள்! அத்தனை பேரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சாரல் மாதத்தில் இங்குள்ளவர்கள் பலர் கதவைப் பூட்டிவிட்டு எங்கே போவார்கள் என்பது ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

மறு சித்திரையில் தேர்தல் வந்தது. வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கையில், முப்பிடாதி என்ற ஐம்பத்தைந்து வயதுக்காரி வியர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தாள்.

"எம்மா, தெருவுல எல்லாருக்கும் பூத் சீட்டு வந்துட்டு. எனக்கு மட்டும் வரல. ஒனக்குத்தான் லிஸ்ட்டு அத்துப்படின்னு சொல்லுதாக. பாத்துச் சொல்லு தாயி. எம்புருசன் படுக்கையில கெடக்கையில கூட ஓடிப்போயி ஓட்டுப் போட்டுட்டு வந்தவ நான். ஒரு தடவ விட்டதில்ல."

ஷெர்லின் பட்டியலைப் புரட்டினாள். நீக்கப்பட்டவர்களின் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தது. கதவு எண் பதினேழு. உடனே அந்த நீலக் கதவு கண்ணில் வந்து நின்றது. மூன்றாவது ஞாயிறும் பூட்டைப் பார்த்தபோது சாரலில் நின்று ஒரு கனவு கண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மாவை மகன் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விட்டான், மாடி வீடு, வாசலில் ரோஜாத் தொட்டி. அந்தச் சந்தோஷத்திலேயே படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"அக்கா, ஆடியில வீடு பூட்டிக் கெடந்துச்சே?"

"குத்தாலத்துல சீசன் நேரத்துல நான் ஏன் வீட்டுல இருக்கப் போறேன்? ஐந்தருவியில மங்குஸ்தான் கடைல்லா போடுதேன். மூணு மாசமும் அங்கனயே தார்ப்பாய்க்குள்ள பொங்கித் தின்னுட்டுக் கெடப்பேன். கதவுல என்னமோ காயிதம் ஒட்டிருக்காக. நான் வாரதுக்குள்ள நனைஞ்சி கிழிஞ்சி போச்சி."

ஆபீசில் ஏதோ தப்பு என்று சொல்லிவிடலாம். முப்பிடாதி நம்பிவிடுவாள், ஊரும் நம்பும். ஷெர்லின் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

"அக்கா, ஒங்க பேர எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது நாந்தான்."

முப்பிடாதி கத்தவில்லை. வாக்காளர் அட்டையைச் சேலை முந்தியில் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "உயிரோட இருக்கவள இல்லாம ஆக்கிட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

ஷெர்லினும் யாக்கூப் அண்ணாச்சியும் தாலுகா ஆபீசுக்கு ஓடினார்கள். பெயர் சேர்க்கும் கடைசி நாள் எப்போதோ முடிந்துவிட்டது, தேர்தலுக்குப் பிறகு மனு கொடுங்கள் என்றார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

வாக்குப்பதிவு அன்று ஷெர்லின் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. துவைத்து மடித்த சேலையில் முப்பிடாதி வந்தாள். ஒருவேளை விடுவார்களோ என்ற நப்பாசை. உள்ளே போனவள் சற்று நேரத்தில் மை படாத வெறும் விரலோடு திரும்பினாள். வாசலில் ஷெர்லினின் விரலையும் பார்த்தாள்.

"நீ போடலியா?"

"மனசு வரலக்கா."

"ஏட்டி, ஒரு ஓட்ட முழுங்குனது பத்தாதா? இதையும் முழுங்கணுமாக்கும்? போ உள்ள!"

ஷெர்லின் போனாள். வெளியே வரும்வரை முப்பிடாதி வேப்பமர நிழலில் காத்திருந்தாள். ஷெர்லினின் விரலைப் பிடித்து மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள். ஷெர்லின் அங்கேயே நின்று அழுதாள்.

அடுத்த ஆடியில் குழு மறுபடி நடந்தது. மூன்று பூட்டு விதி ஒழிந்திருந்தது. தேர்தல் முடிந்ததும் கொடுத்த மனுவில் முப்பிடாதியின் பெயரும் பட்டியலில் திரும்ப ஏறியிருந்தது. பூட்டிய வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஷெர்லின் குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். அருவி இரைச்சலில் துண்டுக் கடை, எண்ணெய்க் கடை, பழக்கடை என்று ஒவ்வொன்றாக நின்று பெயர்களைக் கூவினாள். ஈரத் தலைகள் திரும்பின. பட்டியலில் இருந்தவர்கள் தார்ப்பாய்களுக்கு அடியிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து கை தூக்கினார்கள். கனவில்கூட இப்படி ஒரு காட்சி அவளுக்கு வந்ததில்லை.

ஐந்தருவிக்கு வந்ததும் குடையை மடக்கிவிட்டுக் கூவினாள்.

"முப்பிடாதி. கதவு எண் பதினேழு."

"இருக்கேன்!" மங்குஸ்தான் குவியலுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

ஷெர்லின் உடனே டிக் அடிக்கவில்லை. பக்கத்தில் போய், பழச்சாறு ஒட்டிய அந்தக் கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தாள்.