காயமில்லாத கட்டு

அத்தையின் இடது கையில் முழங்கை வரைக்கும் பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது. நான் அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் காயம் எப்போது தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே காயம் கிடையாது என்பது அத்தையைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அப்போது பதினேழு வயது. பொய்யைக் கண்டுபிடிப்பதில் ஒரு ருசி வந்திருந்தது.

அவள் அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்து, மூன்றே வருஷத்தில் ராஜபாளையத்துக்கு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். மாமியார் வீட்டில் சொன்ன குற்றம் ஒன்றுதான்: மேலுவலி. காலையில் தோள் வலிக்கிறது என்பாள், சாயங்காலம் இடுப்பு என்பாள், மறுநாள் உள்ளங்கால். தூங்கி எழுந்தாலும் தூங்காத முகமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் எடுத்த படத்திலும் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. எங்களுடையது பட்டாளத்துக் குடும்பம். உடம்புக்கு முடியவில்லை என்றால் ரத்தம் தெரிய வேண்டும், இல்லையென்றால் காய்ச்சலாவது கொதிக்க வேண்டும். இரண்டும் இல்லாத அத்தைக்கு ‘மேலுவலி மகாராணி’ என்று பட்டப்பெயர் விழுந்தது. அதை வைத்தவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சும்மா உட்கார்ந்து பேச்சு வாங்குவதற்குப் பதில் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டப் போனாள். அந்த யோசனை அங்கேதான் வந்திருக்க வேண்டும். வலி கூடிய நாட்களில் கழித்துப்போட்ட துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு வருவாள். கட்டோடு பஸ் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்தார்கள். கட்டைப் பார்த்தால் அம்மாவும் அவளிடம் தண்ணீர்க் குடத்தை நீட்ட மாட்டாள். ஒருநாள் குளிக்கப் போகுமுன் அவள் அதை அவிழ்த்து வைத்தபோதுதான் நான் பார்த்தேன். கையில் ஒரு கீறல்கூட இல்லை, கழுவித் துடைத்தது போல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் திரும்ப அழைத்துப்போக மாமியாரும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் வாங்கி வந்த பால்கோவா பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. பேச்சு முதலில் தடித்துத்தான் போனது. பிறகு மாமியாரின் கண் அத்தையின் கைக்கட்டின்மேல் விழுந்தது. கம்பெனி மிஷினில் கை மாட்டிக்கொண்டது என்று அத்தை தலையைக் குனிந்தபடி சொன்னாள். அந்த அம்மாள் உடனே இளகிவிட்டாள். கை ஆறட்டும், பொறவு வீட்டு வேலை பார்த்தால் போதும், இன்றைக்கே கூட்டிப்போகிறோம் என்றாள். அத்தையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பார்த்தபிறகும் நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். காயத்தைக் காட்டுங்கள் அத்தை என்று சிரித்தேன்.

“அப்ப அம்புட்டும் நடிப்புதானா?” என்று கேட்டுவிட்டு மாமியார் எழுந்தாள். அவர்கள் போன பிறகு அத்தை தரையில் கிடந்த துணியை எடுத்து, கம்பெனியில் செய்வது போலவே பிசிறில்லாமல் சுருட்டினாள். என்னைத் திட்டவில்லை.

“ஏலே, இருக்குற வலிக்குத்தாம்லே கட்டுப் போட்டேன்” என்றாள்.

நான் போலீஸில் சேர்ந்தேன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ரைட்டர். அடித்துவிட்டார்கள் என்று வருகிறவர்களிடம் காயம் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். காயமில்லாமல் கேஸ் நிற்காது. நான்கு வருஷத்துக்கு முன் என் தோளில் ஆரம்பித்த வலி இடுப்புக்கு இறங்கி, கால் முழுக்கப் பரவியது. சட்டைக் காலர் பட்டாலே எரியும். எழுதிக்கொண்டிருக்கும்போதே புகார்தாரர் பெயர் மறந்துவிடும். எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று வந்த ஒவ்வொரு முறையும் அழுகை வந்தது. ஏதாவது பெரிய வியாதியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். கடைசியில் மதுரை டாக்டர் ஒருவர்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்றார். வலி நிஜம், படத்தில் தெரியாது, நரம்பு எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறது என்று விளக்கினார். மாத்திரையோடு கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓய்வு, மனசுக்கும் ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும் என்றார். போய்ப் பேசுகிறேன். முடியாத நாளை முடியாத நாள் என்று ஒப்புக்கொள்ளப் பழகுங்கள் என்கிறார்கள். பாதி நாள் பழகிக்கொள்கிறேன். மீதி நாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் அந்தப் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஆள் பார்க்க எருமை மாதிரி இருக்கிறீர், உமக்கு என்ன ஓய்வு என்றார்கள். இந்த வருஷம் தேர் பந்தோபஸ்துக்கு என் பெயரும் வந்தது. நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். காலையில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சுருள் வாங்கி இடது கையில் மணிக்கட்டிலிருந்து சுற்றிக்கொண்டு போனேன். பைக்கில் விழுந்துவிட்டேன் என்றேன். இன்ஸ்பெக்டர் பதறி, மைக் செட் பக்கத்தில் நிழலில் நாற்காலி போடச் சொன்னார். ஒரு ஏட்டு மோர் வாங்கி வந்து கொடுத்தார். அவிழ்த்துக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் கட்டை அவிழ்க்காமலே ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். மாமா எப்போதோ வேறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அத்தை அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். வியாதியின் பெயரைச் சொன்னேன். அவளுக்கும் அதுவாகத்தான் இருக்கும், டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“பேரு தெரிஞ்சா வலி போயிருமாலே?” என்று கேட்டாள்.

பஸ்ஸில் வரும்போது மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாகக் கட்டுப் போட்ட கையை அவள் மடியில் வைத்தேன். அவிழ்க்கட்டும், கூடத்தில் அன்று நான் கேட்டதை இன்று அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் விரல்கள் கோணியிருந்தன. மணிக்கட்டில் இருந்த முடிச்சை மட்டும் பிரித்து, ஒரு சுற்றுத் தளர்த்தி, மறுபடி முடிந்தாள்.

“இம்புட்டு இறுக்கிக் கட்டக்கூடாதுலே. ரத்தம் ஓடாது.”

உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை.