நாடகத்துத் தாலி

என் வீட்டுக்காரர் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். கல்யாணமான எட்டு வருஷத்தில் அவர் நகக்கண்ணில் கிரீஸ் இல்லாமல் நான் பார்த்ததில்லை. எனக்குத் தாலி கட்டியதும் அந்தக் கைதான். அப்பேர்ப்பட்ட மனிதர், நாடக ஒத்திகைக்குப் போகத் தொடங்கிய மூன்றாம் வாரமே பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சாயங்காலமானால் நகத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

இது எண்பதுகளின் நடுவில். தோட்டத்து லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்துவிட்டது. நாடகம் போட்டால் நாற்காலிதான் பார்க்கும். சாப்பாடு போட்டாலாவது ஆள் வரும் என்று தோட்டத்து இளைஞர்கள் இரவு விருந்தோடு நாடகம் என்று முடிவு செய்தார்கள். இடம், எங்கள் ஆட்களின் கல்யாணமெல்லாம் நடக்கும் புக்கிட் ரோத்தான் மண்டபம். கதாநாயகன் என் வீட்டுக்காரர். கதாநாயகி, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியாரின் மகள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பாலர் பள்ளி ஆசிரியை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "அவங்க தமிழ் எவ்வளவு சுத்தம் தெரியுமா" என்று இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். என் தமிழில் என்ன அழுக்கைக் கண்டாரோ.

ஒருநாள் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் மஞ்சள் தடவிய கயிறு ஒன்று இருந்தது.

"இது என்னங்க?"

"நாடகத்துக்குலா. கடைசி சீன்ல தாலி கட்டணும்."

"மூணு முடிச்சுமா?"

"ஒரு முடிச்சும் இல்ல. கைய கழுத்துக்கிட்ட கொண்டு போனதும் லைட்ட ஆஃப் பண்ணிருவாங்க."

லைட்டை அணைத்த பிறகு இருட்டில் கை என்ன செய்யும் என்று யார் கண்டது? நேரிலேயே பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன்.

நாடகத்தன்று சாயங்காலம் பெண்களெல்லாரும் தோட்டத்து லோரியில் போய் இறங்கினோம். மேடையில் நிஜ மணவறை. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் வாசிக்கும் அதே மேளக்காரர்கள். எனக்கு எதுவுமே நாடகமாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நாத்தனார், "ஏன் அண்ணி, நாத்தனார் முடிச்சுப் போட என்னையும் மேடைக்குக் கூப்பிடுவாங்களா?" என்று சீண்டினாள். அவளை அங்கேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

நெய்ச்சோறும் கோழிப் பிரட்டலும் வந்தன. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள், நான் மேடையைப் பார்த்தேன். வசனம் பேசும்போது அவள் கண்ணைப் பார்க்கிறாரா, தோளைப் பார்க்கிறாரா? அவள் தலை குனிவது நடிப்பா, வெட்கமா? உப்புக் கம்மி, உறைப்புக் கூட என்பதைத் தவிர என்னிடம் வேறு பேசாத வாய், அங்கே அப்படிக் கனிந்து பேசியது. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. அவர் கயிற்றை எடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது. கை அவள் கழுத்துக்குப் பின்னால் போனது. லைட் அணையவில்லை. சுவிட்சுக்கு நிறுத்தி வைத்திருந்த ஆள் ஒரு மேசையில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மேளம் விடாமல் கொட்டியது. என் வீட்டுக்காரர் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிச்சு விழவில்லை. "லைட், லைட்" என்று அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது.

கெட்டிமேளம் கேட்டுவிட்டால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்காது. கையில் இருந்ததோ மஞ்சளாக நெய்ச்சோறு. ஒரு பிடி பறந்தது. அடுத்த நொடி மண்டபமே எறிந்தது. முந்திரியும் திராட்சையுமாக மணமக்கள் தலையில் அட்சதை விழுந்தது. அதற்குப் பிறகுதான் லைட் அணைந்தது.

வாசல் குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் நேராகப் போய் நின்றேன். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள். அவர் கட்டியிருந்தால்கூட நாடகம்தானே என்று விட்டிருப்பேனோ என்னவோ. மனதில் ஒன்றும் இல்லாதவருக்குக் கை ஏன் தயங்க வேண்டும்?

"சும்மா நாடகம்தானே. ஏன் கட்டாம நின்னீங்க?"

"நீ பாத்துக்கிட்டு இருக்கியேன்னுதான்."

அவர் காதோரம் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துப் போட்டுவிட்டு, "அது கெடக்கட்டும். எல்லாரும் எறிஞ்சாங்க, சரி. நீ எதுக்கு எறிஞ்ச?" என்றார்.

நான் எறியவே இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சாட்சிக்கு நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"மொதப் பிடியே ஒங்களதுதான் அண்ணி" என்றாள்.