கணக்கில் மட்டும் நின்ற தண்ணீர்த் தொட்டி

கட்டாத தண்ணீர்த் தொட்டியைக் கட்டி முடித்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

பாளையங்கோட்டையில் ஊராட்சிகளின் கணக்கைப் பார்க்கும் அதிகாரியாக இருந்தேன். உவரிப் பக்கம் ஒரு மீனவர் ஊருக்கு, தொட்டி கட்ட நிதிக்குழு மானியம் டெல்லியிலிருந்து சென்னை வழியாக வந்தது. வந்த வேகத்தில் தெருவிளக்கு மின்கட்டணப் பாக்கிக்குப் போய்விட்டது. ஆனால் தொட்டிக்கே செலவானதாகச் சான்று அனுப்பாவிட்டால் மாவட்டத்துக்கே அடுத்த தவணை வராது. மார்ச் கடைசி நாள் அலுவலகம் கல்யாண வீடாகக் கிடந்தது. ஒருவர் முத்திரையைத் தேடுகிறார், ஒருவர் செருப்பில்லாமல் மாடி ஏறுகிறார். அந்த மயக்கத்தில் நானும் போட்டேன். தவணை வந்தது, கைதட்டினோம்.

பிறகு அந்த ஊர்ப் பெண்கள் தொட்டி கேட்டு மனுக் கொடுத்தபோதெல்லாம், "ஏற்கெனவே உள்ளது" என்று பதில் எழுதியவனும் நானே.

ஓய்வுபெற்று வெகுநாள் கழித்து, அந்த ஊர்க் கிராமசபையில் எழுந்து உண்மையைச் சொன்னேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். ஒரு அம்மா கேட்டாள்: "இத்தன நாளும் எங்களுக்குத் தொட்டி இருந்துதா அண்ணாச்சி? எங்கன இருக்கு, காட்டுங்க. குளிச்சிட்டு வாரோம்!"

"ஏட்டி, சோப்பையும் எடுத்துக்கோ!" என்றாள் இன்னொருத்தி. கூட்டம் சிரித்துச் சரிந்தது.

ஊராட்சித் தலைவர் என்னை ஓரமாக இழுத்தார். "தொட்டி பழுதாயிட்டு, இடிச்சாச்சுன்னு எழுதிருவோம். நீரும் சாட்சிக் கையெழுத்துப் போடும்வே. சட்டுனு புதுசு கேக்கலாம்லா."

கட்டாததைக் கட்டியவன், இனி இல்லாததை இடிக்கவும் வேண்டும்! எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. கையும் பேனாவுக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். "வேண்டாம்வே. உள்ளதையே எழுதுவோம்."

கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கு வந்தவர்கள் தெருத்தெருவாகத் தொட்டியைத் தேட, ஊரே பின்னால் போனது. "பைய வாங்க சார், தொட்டி தலையில இடிச்சிரும்!" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள். விசாரித்தவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை நிறுத்தினார்கள். தொட்டிக்கு வந்த தொகையை மாவட்டத்தின் அடுத்த மானியத்தில் பிடித்தமும் செய்தார்கள். பழைய சகாக்கள் என்னிடம் பேசுவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. ஊருக்கோ, "தொட்டி இல்லை" என்று உத்தரவு வந்தது. அன்று வெடி போட்டார்கள். "இல்லைன்னு சர்க்காரே ஒத்துக்கிட்டு அண்ணாச்சி!"

போன வாரம் புதுத் தொட்டிக்கு மண் பரிசோதனை செய்ய ஆட்கள் வந்து ஒரு குழி தோண்டினார்களாம். அந்தக் குழியைப் பார்க்கவே நான் பஸ் ஏறிப் போனேன்.