கோப்பைக்கு ஒரு மாத்திரை

ஸ்வென்ட்போர் ஊரில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஐகிலுக்குச் சாப்பாட்டு மேசையில் மட்டும் அவசரமே கிடையாது. முதல் ஆளாக உட்காருவார், கடைசி ஆளாக எழுந்திருப்பார். அப்படிப்பட்டவருக்குப் போய், தின்ற கொழுப்பைச் செரிக்கவைக்கும் கணையத்திலேயே புற்றுநோய் வந்தது. நோய்க்கும் குறும்பு உண்டுபோல.

அறுவைச் சிகிச்சையில் கணையத்தின் தலைப்பக்கம், பித்தப்பை, குடலில் ஒரு துண்டு என்று வெட்டியெடுத்து, மிச்சத்தை ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது தங்கியிருந்தால் அதை விரட்டக் கீமோ வேண்டும். ஆனால் மனிதர் கரைந்துகொண்டே போனார். எடை இன்னும் இறங்கினால் உடம்பு தாங்காது, கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட வந்திருந்த ஐகிலின் மனைவி கிர்ஸ்தனுக்கு அவ்வளவு பயம்.

பயத்தை அடுப்பில் காட்டினாள். இத்தனை வருடம் அவர் ரொட்டியிலிருந்து வெண்ணெயைச் சுரண்டியெடுத்தவள், இப்போது கடித்தால் பல் தடம் பதியும் கனத்துக்குப் பூசினாள். ஐகிலுக்குக் கொண்டாட்டம். கொழுப்பு செரிக்கக் கொடுத்த மாத்திரைகளையும் தவறாமல் விழுங்கினார். அப்படியும் எடை இறங்கியது. தின்ற வெண்ணெயெல்லாம் கழிப்பறையில் போய் மிதந்தது. வந்து பார் என்று அவர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று நர்ஸ் மாரியான் விசாரித்தார்.

"உக்காந்த உடனே. மொத்தத்தையும் ஒரே வாயில" என்றார் ஐகில் பெருமையாக.

எழுந்திருக்க எவ்வளவு நேரமாகும்? ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு மணி நேரம். முதலில் ஹெர்ரிங் மீன், பிறகு பன்றி வறுவல், ஈரல், பாலாடைக்கட்டி. மாரியான் தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரையெல்லாம் மீனோடு தீர்ந்துபோக, மற்றதெல்லாம் செரிக்காமல் சும்மா வந்துபோயிருக்கிறது. சாப்பாட்டின் நடுநடுவே போட வேண்டுமாம்.

பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிடுகிற ஆளுக்குக் கிர்ஸ்தன் வழி கண்டுபிடித்தாள். அந்த ஊர் விருந்தில் யாரும் தனியாகக் குடிப்பதில்லை. ஒருவர் கோப்பையைத் தூக்கி "ஸ்கோல்" என்றால் எல்லோரும் கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கோலுக்கும் ஐகிலுக்குப் பழச்சாறும் ஒரு மாத்திரையும். விருந்துக்கு வந்த அக்கம்பக்கத்தாருக்கு ஐகில் மேல் உயிர். அவர் முள்கரண்டியைத் தொட்டாலே கோப்பையைத் தூக்கினார்கள். சாயங்காலம் நோயாளி ஒருவர்தான் தெளிவாக இருந்தார். அடுத்த வீட்டுக்காரர் செடிவேலியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எடை நின்றது, பிறகு மெல்ல ஏறியது. கீமோவும் ஏறியது. வீட்டுக்கு வந்தவருக்கு, அந்த மருந்தின் வேலையாக, குளிர்ந்த கரண்டியைத் தொட்டாலே விரலில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. வாந்திக்கு வைத்த வாளியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"இதுக்கா நான் அவ்வளவு தின்னேன்?"

"இதுக்குத்தான். அடுத்த கீமோவுக்கும் உன்னை உள்ள விடணுமே" என்றாள் கிர்ஸ்தன். "நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யாரைத் திட்டுறது?"

ஐகில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சூப் இருக்கிறதா என்று கேட்டார்.