டிராக்டர் பேட்டரியில் ஓடிய ஃபேன்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற இன்று காலை ஒருவர் வந்திருந்தார். மூடிகளைத் திறந்ததும் அந்த ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. கால் மணி நேரத்தில் வேலையை முடித்து அவர் போய்விட்டார். நான்தான் மண்ணூருக்குப் போய்விட்டேன், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதத்துக்கு.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியனுக்கு ஹெல்பர். மாமியார் வீட்டில் மட்டும் எலக்ட்ரீஷியன். ஹெல்பர் என்பதை விழுங்கிவிட்டதால் வந்த வினையைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

மனைவி சரோஜா தலைப்பிரசவத்துக்காக மண்ணூரில் தாய்வீட்டில் இருந்தாள். நிறைமாதம், அக்கினி வெயில். பகல் பதினோரு மணிக்குப் போகும் கரண்ட் மூன்று மணிக்கு வந்தால் உண்டு. அவள் வியர்வையில் நனைந்து கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு, ஏதோ பழைய பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் ஓடிய சின்ன ஃபேன் ஒன்றைக் காயலான் கடையில் வாங்கி வந்தேன். சரோஜாவின் அண்ணன், அதாவது என் மச்சான், முந்தின வருடம்தான் மாடுகளை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கியிருந்தார். அறுப்பு முடிந்து அது சுவரோரம் சும்மா நின்றது. அதன் பேட்டரியிலிருந்து ஜன்னல் வழியாக ஒயரை இழுத்தேன். ஒயரோடு ஆசிட் நெடியும் உள்ளே வந்தது. ஆனால் ஃபேன் சுற்றியது.

தெருவே வந்து பார்த்தது. "எங்க எலக்டீசன் மாப்ள, கரண்ட் இல்லாமயே காத்து வர வெச்சிட்டாரு" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். போதாதா எனக்கு? கரண்ட் இருக்கும்போதும் அதையே ஓடவிட்டேன்.

அந்த ஃபேன் மாவு மிஷின் மாதிரி சத்தம் போடும். சரோஜா ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சமையல்கட்டில் தரைக்குத் தண்ணீர் தெளித்து, ஈரத்துண்டை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். "உன் காத்த நீயே வாங்கிக்கய்யா" என்றாள். செய்த பொருள் வீணாகக் கூடாதே என்று அதன் அடியில் நானே படுத்துக்கொண்டேன். மூன்று நாள் நல்ல தூக்கம்.

நான்காம் நாள் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. எலக்ட்ரீஷியன் என்றால் பேட்டரியைப் பார்த்திருப்பான். ஹெல்பர் என்ன செய்வான்? எண்ணெய் போட்டேன். சத்தம்கூடக் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே கண்ணை மூடினேன்.

மாமியார் என்னை உலுக்கி எழுப்பியபோது மதியம் இரண்டு மணி. சரோஜாவுக்கு வலி கண்டு, பனிக்குடமும் உடைந்திருந்தது. டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து அவளைப் படுக்கவைத்தார்கள். மச்சான் சாவியைத் திருகினார். டிராக்டர் ஒரு முறை முனகியது. மறுமுறை அதுவும் இல்லை.

மச்சான் ஒயரைப் பார்த்தார். அது போன ஜன்னலைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, வண்டி உசுர உறிஞ்சிட்டு தூங்கிகினு கீறியா?"

ஆஸ்பத்திரி ஸ்ரீபெரும்புதூரில். வண்டியில் பூட்ட மாடும் இல்லை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, தெருக்கோடியில் ஏரிப் பக்கம் இறங்கும் சரிவு வரை டிராக்டரைத் தள்ளினோம். தள்ளியது என் ஃபேனைப் பார்க்க வந்த அதே தெருதான். சரிவில் உருண்டு, கரும்புகையைக் கக்கி, ஒருவழியாக அது உறுமியபோது நான் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எஞ்சினை அணைக்காமல் திரும்பி வந்து டிரெய்லரை மாட்டினோம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அரை மணியில் பெண் பிறந்தாள்.

அதன்பிறகு ஏறக்குறைய நாற்பது வருடம், எப்போது கரண்ட் போனாலும் சரோஜா இருந்த இடத்திலிருந்தே கேட்பாள்: "இன்னாய்யா, வண்டி ஸ்டார்ட் ஆவுமா?" என்னிடம் சைக்கிள் மட்டும் இருந்த காலத்திலும் கேட்டாள். சம்பந்தி வீட்டார் முன்னாலும் கேட்டாள். எனக்குக் கோபம் வரும். அவளுக்குச் சிரிப்பு வரும்.

அன்று பிறந்த மகள்தான் இந்த இன்வெர்ட்டரை வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். கரண்ட் போவதும் வருவதும் இப்போது தெரிவதே இல்லை. சரோஜா போய் மூன்று வருடம் ஆகிறது.

பேட்டரிக்காரர் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எழுந்து போய் இன்வெர்ட்டரை நானே அணைத்தேன். ஃபேன் மெல்ல நின்றது. சட்டை முதுகில் ஒட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.