மாமசாலியின் குழிக்கு வந்த விருந்தாளி

மாமசாலியை எங்கள் பதிவேட்டில் 'உதவியாளர்' என்று எழுதியிருந்தோம். உண்மையில் அவருடைய வேலை புதைந்து கிடப்பது. காலை எட்டு மணிக்குப் பழைய புகையிலைக் கிடங்கின் இடிபாட்டுக்குள் ஏதாவது ஒரு பொந்தில் போய்ப் படுத்துக்கொள்வார். மேலே பலகையும் கல்லும் போட்டு மூடிவிடுவோம். மீட்புப் பயிற்சிக்கு வந்தவர்களின் நாய்கள் மோப்பம் பிடித்து வந்து குரைக்கும். மூடியைத் திறந்ததும் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு அடுத்த பொந்துக்கு நடப்பார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

நான் ரக்கியா. அதே பயிற்சி நிலையத்தில் முதலுதவி சொல்லித்தருகிறவள். இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்ததில் என் பொறுமை முக்கால்வாசி தீர்ந்துபோயிற்று. மிச்சத்தை மாமசாலி தீர்த்தார்.

அந்தப் பொந்துக்குள் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தோள் அகலமான பையன்கள் எல்லாம் மார்தட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். பத்தாவது நிமிஷம் "திறங்க, திறங்க" என்று சத்தம் வரும். மாமசாலியோ உள்ளே போனதும் தூங்கிவிடுவார். அதிலும் ஒரு தொல்லை.

"மாகே, குறட்டை விடாதீங்க," என்று நாய் பழக்கும் ஜிபார் கெஞ்சுவாள்; மாமசாலியை மரியாதையாக அவள் கூப்பிடுவது அப்படி. "நான் நாயோட மூக்கைச் சோதிக்கிறேன், காதை இல்ல."

"குறட்டை விடுறவன் உயிரோட இருக்கான்னு அர்த்தம் பொண்ணே. சீக்கிரம் தோண்டுங்க."

ஜிபாருக்கு அப்போது இருபத்தாறு வயது. அவளுடைய நாய் அக்தோஷ், கறுப்பு உடம்பும் வெள்ளை நெஞ்சுமாக இருக்கும். ஐம்பது நாள் குட்டியாக அதைத் தன் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தான். எங்கள் மாவட்டத்துக்கென்று இருந்த ஒரே மீட்பு நாயும் அதுதான். ஏப்ரல் பிறந்தால் எங்கள் தெற்குப் பக்கத்து மலைகள் எந்த நேரம் சரியும் என்று சொல்ல முடியாது. மற்ற ஊர் நாய்கள் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஆனால் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும் பரிசோதகர் கையெழுத்துப் போட்டால்தான் நாய் வேலைக்குப் போகலாம். தேர்வுக்கு இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் பெயரை அடித்துவிட்டு ஏதாவது ஒரு கிடங்கு வாசலில் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள்.

அக்தோஷ் தோற்கும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. மாமசாலியை எந்தப் பொந்தில் ஒளித்தாலும் நாலு நிமிஷத்தில் போய் நிற்கும். ஜிபாருக்குப் பெருமை தாங்காது.

ஜூலையில் முதல் தேர்வு நடந்தது. பரிசோதகர் தன்னுடைய டிரைவரை இடிபாட்டுக்குள் ஒளித்துவைத்தார். ஜிபார் நாயை அவிழ்த்துவிட்டாள். அக்தோஷ் ஒரு சுற்றுச் சுற்றியது, மூக்கைத் தூக்கியது, நேராகச் சமையல் கூடாரத்துக்குப் போனது. மத்தியான சாப்பாட்டுக்காக அங்கே ரொட்டியை அடுக்கித் துணி போட்டு மூடியிருந்தார்கள். அதன் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து குரைத்தது. விடாமல் குரைத்தது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது நிஜம். ஜிபாரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

"தங்கச்சி, இதுக்கு மனுஷன் வேண்டாம், அடுப்பு போதும்," என்றார் பரிசோதகர். "ஏதாவது கல்யாண வீட்டுக்கு அனுப்பிவைங்க. அக்டோபர்ல மறுபடி வர்றேன். அதுதான் கடைசி."

சாப்பாட்டு நேரத்தில் மாமசாலியைக் காணவில்லை. தேடிப் போனால் மூடாத பொந்து ஒன்றில் தானே இறங்கி உட்கார்ந்திருந்தார்.

"இப்போ யாரும் உங்களைப் புதைக்கலையே. எதுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க?"

"வெளிய வர மூஞ்சி இல்ல ரக்கியா. அந்தப் பொண்ணைக் கூப்பிடு."

எனக்கு அந்த நொடியே பொறி தட்டியது. தினமும் காலையில் என் வீட்டுத் தந்தூர் அடுப்பிலிருந்து இரண்டு ரொட்டி அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பது நான்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனிதர், சூடாகச் சாப்பிடட்டுமே என்று.

ஜிபார் வந்தாள். மாமசாலி கோட்டுப் பையைத் திருப்பிக் காட்டினார். ரொட்டித் தூள் கொட்டியது.

விதி ரொம்ப எளிது. ஒளிந்திருப்பவர் கையில் ரப்பர் பந்து ஒன்று இருக்கும். நாய் குரைத்ததும் அதை எறிந்து கொஞ்ச நேரம் விளையாட வேண்டும். அதுதான் நாய்க்குக் கூலி. கையிலும் பையிலும் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இதை வாசித்துப் பார்த்து மாமசாலி கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் ஜிபார்.

"முதல் நாள்லேர்ந்து."

"ரெண்டு வருஷம் மாகே! ரெண்டு வருஷமா நான் ஆளைத் தேடக் கத்துக்குடுக்கிறேன், நீங்க உள்ள இருந்துகிட்டு ரொட்டியைத் தேடக் கத்துக்குடுத்திருக்கீங்க. மத்த நாய்ங்களுக்கும் இப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான். ஆனா அதுங்க எப்பவாவது வர்ற விருந்தாளிங்க. இவன் தினம் வர்றவன்."

"விருந்தாளியா? நாயா?"

"வாசலுக்கு வந்தவன் ரொட்டியில வாய் வைக்காமப் போகலாமா? அவசரமாப் போறவனைக்கூட ஒரு துண்டு பிச்சுக்கிட்டுப் போன்னுதானே சொல்லுவோம்? இது என்னைத் தேடிக்கிட்டு கல்லு, கம்பி, கண்ணாடி எல்லாத்தையும் மிதிச்சுக்கிட்டு வருது. ரப்பரையா குடுத்தனுப்புறது?"

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது; என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

அப்போதுதான் அவர் லாரிக் கதையைச் சொன்னார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் மலைப்பாதையில் சரிவு வந்து லாரியோடு அவரை மூடியதும், பதினோரு மணி நேரம் உள்ளே கிடந்ததும் ஊருக்கே தெரியும். எங்களுக்குத் தெரியாதது அதன் மிச்சம்.

"நாலு பேரு மண்வெட்டியால தோண்டினாங்க. ஒருத்தன் கையெல்லாம் ரத்தம். என்னை வெளிய இழுத்து ஜீப்புல போட்டு அனுப்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு நன்றிக்கு ஒரு ஆட்டை ஏத்திக்கிட்டு சரிவுக்குப் பக்கத்து ஊருக்குப் போனேன். அந்த நாலு பேரும் அந்த ஊர்க்காரங்களே இல்லையாம். வழியில போனவங்க இறங்கித் தோண்டியிருக்காங்க. பேரு தெரியல, ஊரு தெரியல. ஒரு வாய் டீகூடக் குடிக்காம போயிட்டாங்க ரக்கியா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்னைத் தோண்ட வர்ற யாரையும் இனிமே வெறும் வாயோட அனுப்பறதில்லைன்னு அன்னைக்கே நினைச்சுக்கிட்டேன். அது இந்தப் பிள்ளை தலையில விடியும்னு தெரியலையே."

ஜிபார் தன் பையிலிருந்த பந்தை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணி. குளிச்சிட்டு வாங்க. அந்தக் கோட்டு வேண்டாம்."

என் வீட்டுக்காரரின் பழைய கோட்டைக் கொடுத்தேன். ரொட்டி கொண்டுவருவதையும் நிறுத்தினேன். இடிபாட்டில் அங்கங்கே கம்பி வலைக்குக் கீழே ரொட்டியை வைத்தார்கள். அதைப் பார்த்துக் குரைத்தால் நாய்க்கு ஒன்றும் கிடைக்காது. மனிதர்கள் வேறு இடங்களில் வெறும் பந்தோடு ஒளிந்திருப்பார்கள். "நாய் வாலை நிமிர்த்தக் கிளம்பிட்டாங்க," என்று சமையல்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

முதல் வாரம் சமையல்காரர் சொன்னதுதான் நடந்தது. அக்தோஷ் மாமசாலியின் பொந்துக்கு வரும். பலகை இடுக்கு வழியாக அவர் கையை மோந்து பார்க்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் குரைக்காமல் திரும்பிப் போய்விடும். அவர் கண் சிவந்து வெளியே வருவார். "வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போறான்," என்பார். என்னிடம் அதற்கு மருந்து இல்லை.

ஆகஸ்ட் முடிவதற்குள் மற்றவர்களைத் தேடுவதில் அக்தோஷ் தேறிவிட்டது. நான் ஒளிந்தேன், சமையல்காரர் ஒளிந்தார். எல்லோருக்கும் குரைத்தது, பந்துக்குத் துள்ளியது. மாமசாலி மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர் வாசனை காற்றில் வந்தாலே வேலையை விட்டுவிட்டு, பழைய நினைப்பில் அவரை நோக்கி ஓடும், கையை மோந்துவிட்டுச் சும்மா நிற்கும். ஜிபார் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னாள். "தேர்வன்னைக்கு மட்டும் நீங்க இங்க வேண்டாம் மாகே. தப்பா நினைக்காதீங்க."

"தப்பென்ன இருக்கு? ஊர்லயே இருக்க மாட்டேன். அக்கா வீட்டுக்குப் போறேன்."

அக்டோபர் வந்தது. பரிசோதகர் இந்தத் தடவை இரண்டு பேரை ஒளித்தார். இருபது நிமிஷத்துக்குள் இருவரையும் கண்டுபிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, உஸ்கென் ஊர்ச் சந்தையில் வாங்கிய சூடான ரொட்டி ஒன்றை இடிபாட்டின் நடுவில் தன் கையாலேயே வைத்தார். நான் மனசுக்குள் அவரைத் திட்டினேன். ஆனால் அது நியாயமான தேர்வுதான்.

அக்தோஷ் ரொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. மோந்தது. பிறகு அது ரொட்டியைத் தாண்டிப் போய், ஆறாவது நிமிஷம் கான்கிரீட் பலகை ஒன்றின் முன்னால் உட்கார்ந்து குரைத்தது. முதல் ஆள் கிடைத்துவிட்டார்.

பத்தாவது நிமிஷம் காற்று திரும்பியது. அந்த நேரத்துக்கு இடிபாட்டுக்குக் கீழே ஓடும் ஆற்றுப் பக்கமிருந்து மேல்நோக்கி வீசுவது வழக்கம்தான். அக்தோஷ் சட்டென்று தலையைத் தூக்கி ஆற்றங்கரையில் நின்ற எங்கள் லாரியைப் பார்த்தது. நானும் பார்த்தேன். லாரிக்கு அடியில், சக்கரத்துக்குப் பின்னால், ஒரு ஜோடி பூட்ஸ் தெரிந்தது. அக்கா வீட்டுக்குப் போன லட்சணம் அதுதான்.

நாய் நாலு அடி லாரிப் பக்கம் வைத்தது. ஜிபாருக்கு ஒன்றும் புரியவில்லை. தேர்வில் நாயைக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் தோல்வி. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மாமசாலிக்குப் புரிந்துவிட்டது. அறுபத்திரண்டு வயது மனிதர் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து தவழ்ந்து கரைக்குப் போனார், சரிவில் வழுக்கி இறங்கினார், பூட்ஸும் கோட்டுமாக ஆற்றுக்குள் போய்க் கழுத்தளவு தண்ணீரில் குந்திக்கொண்டார். அது பனி உருகி வருகிற தண்ணீர். தண்ணீரில் முங்கினால் வாசனை போகுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் கரைக்குக் கீழே காற்று படாது.

நான் யார் பார்வையிலும் படாமல் கரைப் பக்கம் நகர்ந்தேன். அக்தோஷ் மூக்கை நீட்டியபடி நின்றது. பன்னிரண்டாவது நிமிஷம். பதிமூன்று. உடனே இழுத்து வெளியே போட வேண்டும் என்று என் கை துடித்தது. நர்ஸாக நான் செய்த பெரிய தப்பு அன்றைக்குச் சும்மா நின்றதுதான். பதினாலாவது நிமிஷம் நாய் தலையைத் தாழ்த்தியது, திரும்பியது, கல்லுக்குள் போனது. பதினேழாவது நிமிஷம் குரைத்தது.

நான் அதற்குள் முழங்கால் தண்ணீரில் இருந்தேன். காலரைப் பிடித்து அவரை இழுத்தேன்.

"புத்தி இருக்கா உங்களுக்கு? சாகப் பாக்குறீங்களா?"

உதடு நீலம் பாய்ந்திருந்தது. "கு... குரைச்சுதா?"

"குரைச்சிடுச்சு."

"ரெண்டாவது ஆளுக்கா?"

"ஆமாய்யா, ஆமா! வாயை மூடிக்கிட்டுச் சட்டையைக் கழட்டுங்க."

ஈரத் துணியை உரித்துப் போட்டு, லாரியிலிருந்த கம்பளியைச் சுற்றி, என் சால்வையைத் தலையில் கட்டிவிட்டேன். பாட்டி போல இருந்தார். திட்டிக்கொண்டே கட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் குளிர் காரணமில்லை.

மேலே பரிசோதகர் கையெழுத்துப் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்து ஜிபார் கரைக்கு ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் அக்தோஷ் ஓடிவந்தது.

"பிடிச்சுக்கோ பொண்ணே, கிட்ட விடாதே," என்றார் மாமசாலி. "என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அதற்குள் நாய் வந்துவிட்டது. நடுங்குகிற கைகளை மோந்தது, முதலில் ஒன்றை, பிறகு இன்னொன்றை. ஆற்று மணலைத் தவிர அந்தக் கையில் எதுவும் இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது திரும்பிப் போவதைப் பார்க்க வேண்டாம் என்று. அக்தோஷ் போகவில்லை. அவர் எதிரில் வெள்ளை நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து குரைத்தது.

"அது யாரு?" என்று மேலேயிருந்து பரிசோதகர் சத்தம் போட்டார். "பட்டியல்ல ரெண்டு பேருதானே?"

"இது மூணாவது ஆள் ஐயா," என்றாள் ஜிபார். பந்தை எடுத்து மாமசாலியின் கையில் வைத்தாள். குளிரில் விரல் மடங்காமல் அவரால் அதை எறிய முடியவில்லை. அக்தோஷ் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.