மல்லாட்டைத் தோல் அடைத்த சுவர்

என் வீட்டுக்காரருக்கு எதையும் சும்மா விட்டுவைக்கத் தெரியாது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து வேங்கிக்காலில் வீடு கட்டினோம். கீழ்பென்னாத்தூரில் எங்களுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில் இருந்தது. மூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அடியில் ஓர் அறை தோண்டினார். தோண்டி முடித்ததும் மூட்டையாவது ஒன்றாவது, ஹோம் தியேட்டர் வைக்கப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

பெரிய திரையும் ஸ்பீக்கர்களும் சென்னையிலிருந்து வந்து இறங்கின. படம் போட்டுப் பார்த்தால் ஒரு பேச்சும் விளங்கவில்லை. கிணற்றுக்குள் தலையை விட்டுக் கத்துகிற மாதிரி, ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறியது. சுவரில் கண்ணாடிப் பஞ்சு அடைத்துத் துணி போர்த்தினால் எதிரொலி அடங்கிவிடும் என்றார் ஸ்பீக்கர் மாட்ட வந்தவர்.

"பஞ்சு எதுக்குங்க? நம்ம மில்லுல மல்லாட்டைத் தோலு மலையா குமிஞ்சி கெடக்குது. அதைச் சாக்குல போட்டுத் தெச்சி அடைச்சா ஆவாதா?" என்று கேட்டார் இவர்.

"சூப்பர் ஐடியா சார்!" என்றார் அவர்.

"பூச்சி வெக்குமேங்க" என்றேன் நான்.

"வாயை வெச்சிட்டியா? நல்ல காரியம்னா உனக்குப் பொறுக்காதே."

மரச்சட்டம் அடித்து, தட்டையாகத் தைத்த சாக்குகளை நாலு சுவரிலும் இறுக்கி அடைத்தார்கள். மேலே மெரூன் வெல்வெட்டை இழுத்து ஆணி அடித்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அருமையாகத்தான் இருந்தது. கை தட்டினால் சத்தம் அங்கேயே செத்தது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற பஸ்களின் ஹாரன், மைக் செட்டு எதுவும் உள்ளே வராது. எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. கல்யாணமாகிப் பல வருடம் ஏங்கிப் பெற்ற ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா மடியில் ஏறிக்கொண்டு அங்கேயே கிடப்பாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பூமிக்கடியில் ஊற்று கிளம்பிச் சுவர் கசிந்தது. வெல்வெட்டுக்குப் பின்னால் நடப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? நனைந்த சாக்கு வாடை மட்டும் வந்தது. இவர் சாம்பிராணி போட்டார். பெண்ணுக்கு முதலில் இருமல், பிறகு இழுப்பு. உள்ளூர் டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, புகையும் தூசியும் ஆகவே ஆகாது என்றார். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கார்த்திகை தீபத்துக்கு ஊர் முழுக்கப் புகையும் தூசியும்தானே!

"இந்த ஊர்லயே தூசி வராத எடம் நம்ம கீழ் ரூமுதான்" என்று சொல்லி, ஏ.சி.யைப் போட்டு அவளுக்கு அங்கேயே மெத்தை விரித்தார்.

"வாடை கொடலைப் புரட்டுதுங்க. கொழந்தைய மேல படுக்க வைங்க."

"வெளிய எவ்ளோ பொகைன்னு பாத்தியா? அறிவிருக்குதா உனக்கு?"

"உங்களுக்குத்தான் இருக்குதே, ஜாஸ்தியா!" என்று கத்தினேன்.

தீபம் முடிந்த மறுநாள் காலை நானே போய்த் தூக்கினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. வேலூருக்கு ஓடினோம். வீட்டில் எங்கேயாவது ஈரம் உண்டா என்று பெரிய டாக்டர் கேட்டார். இல்லை என்றார் இவர். நான்தான் கீழ் அறையைச் சொன்னேன், சுவரில் அடைத்ததையும் சொன்னேன். நனைந்த தோலில் பூஞ்சை பிடித்திருக்கும், அதைத்தான் மூச்சுக்கு மூச்சு இழுத்திருக்கிறாள் என்றார் டாக்டர். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பெண் பிழைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள், "அண்ணாமலையார் கூப்ட்டுக்கினாரும்மா" என்றார்கள்.

"அவர் எங்கங்க கூப்ட்டாரு? சாமி மேல பழி போடாதீங்க!" என்று அலறினேன். எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். எழுந்து கீழே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கீழே துணி கிழிகிற சத்தம் கேட்டுப் போனேன். வெல்வெட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாக்குகளை உருவிக்கொண்டிருந்தார். உள்ளே தோல் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது. இழுக்க இழுக்கப் பொடி பறந்தது. தலை, மீசை, கண் இமை எல்லாம் அதுதான்.

"வாடி. எதுக்கெடுத்தாலும் திட்டுவியே, இப்போ திட்டு. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி ஏதாவது கேளு."

எனக்கு அவர்மேல் கொலைவெறி இருந்தது. கேட்க வாய் திறந்தேன். படியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினேன்.

"மூக்கைக் கட்டிக்கோங்க. அது உங்களுக்கும் வந்துடும்."

துண்டைப் பார்த்தார். வாங்கவில்லை.

"வரட்டும்" என்று சொல்லி அடுத்த சாக்கைக் கிழித்தார்.